காற்றைக் குறைத்தால் முள் குத்தாதா?

2024 ஜூன் 9

கேள்வி இப்படி வந்திருக்கிறது: “ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். மாதத்தில் மூன்று தடவையாவது பின்சில்லுக்கு ஒட்டுப் போட வேண்டி வருகிறது. கல்லுப் போலக் காற்றடித்தால்தான் நெருஞ்சி முள் ஏறும், கொஞ்சம் இளக்கமாக விட்டால் முள் மடங்கிப் போகும் என்கிறார்கள். உண்மையா?”

இல்லை. முள் மடங்காது.

நெருஞ்சிக் காய் காய்ந்தால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் பெரிய முள் இரண்டு இருக்கும், சின்னதும் இருக்கும். எப்படி உருட்டிப் போட்டாலும் ஒன்று வானத்தைப் பார்த்துத்தான் நிற்கும். உங்கள் டயரில் காற்று எவ்வளவு என்று அது விசாரிக்கப் போவதில்லை. காற்றுக் குறைந்தால் டயர் சப்பையாகி நிலத்தில் அகலமாகப் படும். கூடுதல் இடத்தில் பட்டால் கூடுதல் முள். அதுதான் லாபம்.

நட்டம் வேறு. 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் மோட்டார் சைக்கிளை மூடி வைத்துவிட்டு அப்பாவின் 28 அங்குலச் சைக்கிளை இறக்கினேன். ஒரு நாள் கரியரில் 25 கிலோ அரிசி, பின்சில்லில் அரைக் காற்று. கல்லடியில் ஒரு மதகுத் தட்டில் ஏறி இறங்கியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். வீடு வரை தள்ளிக்கொண்டு போய்க் கழற்றிப் பார்த்தால் டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கடித்தது போல. முள் ஏதும் இல்லை. றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசிந்து வெட்டுப்பட்டிருக்கிறது. றிம்மும் நெளிந்திருந்தது. அரிசி மட்டும் பத்திரம்.

காற்றை நிறைய அடியுங்கள்.

2024 ஜூன் 10, காலை

நேற்று ஒரேயடியாக ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். நாவற்குடாவில் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒருவர் கேட்கிறார்: “மணல் ஒழுங்கையில் காற்றைக் குறைக்காமல் உழக்கிக் காட்டுவீர்களா?”

மாட்டேன். மணலில் கல்லுப் போன்ற டயர் கத்தி மாதிரி இறங்கும். இளக்கமான டயர் மேலே மிதக்கும். அதுவரை அவர் சொல்வது சரி. ‘காற்றைக் குறை’ என்ற பேச்சே அந்த ஒழுங்கைகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் மணலை விட்டு வீதிக்கு ஏறும்போது திரும்பவும் பம் அடிக்க வேண்டும். யாருக்கு அந்த ஞாபகம் வருகிறது? எனக்கு வந்ததில்லை.

2024 ஜூன் 10, மாலை

பின்சில்லுக்கு மட்டும் ஏன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்கள் பாரத்தில் பெரும்பங்கு அதன் மேல். அதோடு, படுத்திருக்கும் ஆணியை முன்சில்லு தட்டி எழுப்பும், எழும்பியதைப் பின்சில்லு வாங்கிக்கொள்ளும். வீட்டில் மூத்ததும் இளையதும் மாதிரி.

2024 ஜூன் 12

‘நிறைய’ என்றால் எவ்வளவு? டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள், அங்கேயே அச்சிட்டிருக்கும். நமது பழைய 28×1½ டயருக்கு 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) சுற்றி வரும். மகனின் மவுண்டன் சைக்கிளில் இருக்கும் அகலமான 26×1.95க்கு நான் 40 வைக்கிறேன். பாரம் ஏற்றினால் கொஞ்சம் கூட. காத்தான்குடியில் நான் போகும் கடைக்காரக் காக்கா (அண்ணன்) இதை இறாத்தல் என்றுதான் சொல்வார். “அம்பது றாத்தல் அடிச்சிருக்கன் தம்பி, இனி கொழும்புக்கும் போகலாம்.”

பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வது, நானும் செய்தேன். மகனின் சைக்கிளில் மீற்றரை வைத்துப் பார்த்தபோதுதான் 30க்கும் 50க்கும் என் விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டேன். பழைய சைக்கிளில் மீற்றரும் உதவாது. காற்றடிக்கும் வாயான வால்கட்டையில் இருக்கும் இறப்பர் காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அப்புறம் மீற்றர் எதை அளக்கும்?

அதற்கு நான் செய்வது இது. சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பின் டயரைப் பார்க்கச் சொல்வேன். அடியில் லேசாகப் பிதுங்கினால் சரி. ரொட்டி போல விரிந்தால் பம்மைத் தேட வேண்டியதுதான். என் மனைவி ஒரு தடவை, “டயரில பிழையில்ல, ஏறி இருக்கிற ஆளிலதான்” என்றாள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

2024 ஜூன் 13

மேலே ‘26’ என்று எழுதியதற்கு ஒரு எச்சரிக்கை. மகளின் லேடீஸ் சைக்கிளும் 26தான், மகனுடையதும் 26தான். ஒன்று 26×1⅜, மற்றது 26×1.95. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. றிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றில் 590 மி.மீ., மற்றதில் 559 மி.மீ. இது தெரியாமல் டயர் வாங்கி வந்து, ஒரு பின்னேரம் முழுவதும் நான்கு கரண்டிக் காம்பை வளைத்தேன். கரண்டிகளுக்கு வேறு பதில் சொல்ல வேண்டி வந்தது.

டயரில் 37-590, 50-559 என்பது போலச் சின்ன எழுத்தில் ஒரு சோடி எண் இருக்கும். கடைக்குப் போகும்போது அதைக் குறித்துக்கொண்டு போங்கள். 28, 26 என்பதெல்லாம் செல்லப்பெயர்.

2024 ஜூன் 20

இரவில் நிறைந்திருக்கிறது, காலையில் இறங்கியிருக்கிறது, டியூபைத் தண்ணீரில் முக்கினால் குமிழி இல்லை. ஏறாவூரிலிருந்து ஒருவர்.

வால்கட்டையைப் பாருங்கள். வாயில் கொஞ்சம் எச்சில் வைத்தால் போதும். ஊதிப் புடைத்தால் குற்றவாளி அங்கேதான். உள்ளே மாட்டியிருக்கும் வால்டியூப், அந்த மெல்லிய இறப்பர்க் குழாய், நாள்பட்டால் வெடித்துவிடும். இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி சீற்றுக்கு அடியில் செருகி வைத்திருக்கிறேன். மாட்டும்போது எச்சில் தொட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். எண்ணெய் தொடாதீர்கள், எண்ணெய் பட்ட இறப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

வால்கட்டை என்றதும் டியூசன் கொட்டில்தான் ஞாபகம் வருகிறது. சாதாரணதரம் படிக்கும்போது ஐம்பது அறுபது சைக்கிள் வெளியே மாமரத்தடியில் நிற்கும். ஒருவனுக்கு ஒருவன் மீது கோபம் என்றால் அடிதடி இல்லை, வால்கட்டை போய்விடும். பறிகொடுத்தவன் அடுத்த சைக்கிளில் கழற்றுவான், அந்தச் சைக்கிள்காரன் அதற்கடுத்ததில். வகுப்பு விட்டு வரும்போது கடைசியாக வருபவன்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். என்னிடம் ஒரு காலத்தில் ஏழு வால்கட்டை இருந்தது. எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம்.

2024 ஜூலை 2

ஒட்டுக் கழன்று போகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூவரும் செய்யும் பிழை ஒன்றாகத்தான் இருக்கும்: சொலூசன் (ஒட்டுப் போடப் பூசும் இறப்பர்ப் பசை) ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைப்பது. பசை பூசிக் கடிதம் ஒட்டுவது போல நினைக்கிறோம். அது அப்படி இல்லை. சொலூசன் காய்ந்து, இறப்பரும் இறப்பரும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

காக்கா செய்வதைச் சொல்கிறேன். டியூபை முழங்காலில் போடுவார். உடைந்த ஹக்சோ பிளேடு ஒன்று வைத்திருக்கிறார், அதன் பல்லால் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டுவார். கறுப்பின் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்தது போல வர வேண்டும். சொலூசனை விரல் நுனியால், ஒட்டைவிடப் பெரிய வட்டமாக, மெல்லிசாகப் பூசுவார். பூசிவிட்டு எழும்பி அடுத்தவரின் செயினைப் பார்க்கப் போய்விடுவார்.

முதல் தடவை போன அன்று என்னை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். “காக்கா, ஒட்டு...”

“காயட்டும் தம்பி. நனைஞ்ச சட்டைக்கு மேல சட்டை போடுவீங்களா?”

ஐந்து நிமிடம் கழித்து வந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கையில் ஒட்டவில்லை. அதன் பிறகுதான் ஒட்டின் தாளை உரித்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கி, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. மேலே கொஞ்சம் முகப்பவுடர், டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. குழந்தைக்குப் பூசுவது போலப் பூசுவார்.

அதே நாளில் இன்னொரு கடையில் அவசரத்துக்கு ஈரத்தோடு ஒட்டிய ஒட்டு ஊறணி தாண்டவில்லை. கடை எது என்று சொல்ல மாட்டேன். அவசரப்படுத்தியது நான்தான்.

2024 ஜூலை 3

மேலே ‘அதே நாளில்’ என்பது பிழை. அடுத்த கிழமை. மனைவி திருத்தினாள்.

2024 ஜூலை 18

ஊருக்கு உபதேசம் செய்தவனுக்கு இன்று வந்தது.

கல்லடிப் பாலத்தில், வேலைக்குப் போகும்போது. பின்சில்லு. முள்தான், ஆனால் நெருஞ்சி இல்லை, தூண்டில் முள். பாலத்தில் மீன்பிடிப்பவர்கள் யாரோ அறுத்து எறிந்தது. ஒரு சாண் தங்கூசி நூலும் கூடவே சுற்றியிருந்தது. ஆணி என்றால் இழுத்தால் வரும். தூண்டிலுக்குத்தான் பின்னோக்கி ஒரு சின்ன முள் இருக்கிறதே, மீனுக்கு என்று செய்தது டயரையும் விடவில்லை. கடைசியில் முன்னோக்கித் தள்ளி, நுனியைக் குறட்டால் நறுக்கித்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் விரலிலிருந்து தூண்டில் எடுப்பதும் சில வேளை இப்படித்தான்.

ஓட்டை தேடத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கா பஞ்சம்? பாலத்தடிக்கு இறங்கி வாவியில் முக்கினேன். பாடும் மீனின் சத்தம் கேட்க நிலா இரவில் தோணியில் போய்த் துடுப்பைக் காதில் வைக்கிற ஊர் இது. நான் காலை எட்டு மணிக்கு டியூபைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பழைய இரும்புப் பாலம். 1924இல் திறந்தது, இந்த வருடம் நூறு. அதற்கும் ஒட்டுப் போட்டுப் போட்டுத்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2024 ஜூலை 24

மறுபடியும் பின்சில்லு. இந்தத் தடவை டயரில் ஒன்றும் தெரியவில்லை. காற்று மெதுவாக, வீட்டுக்கு வந்த பிறகு இறங்கியது. ஒட்டியாயிற்று.

2024 ஜூலை 29

மறுபடியும்.

இங்கே ஒரு சின்ன வழக்கம் உதவியது. டயரை மாட்டும்போது அதில் பெயர் அச்சிட்ட இடத்தை வால்கட்டைக்கு நேரே வைத்து மாட்டுவேன். அழகுக்கு இல்லை. டியூபில் ஓட்டை கிடைத்ததும் வால்கட்டையிலிருந்து சாணால் அளந்தால், டயரில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். ஒட்டிய டியூபை மாட்டியதும் அதே முள் திரும்பக் குத்துவது இப்படித் தேடாததால்தான்.

போன தடவை இரண்டு சாண் நான்கு விரல். இந்தத் தடவையும் இரண்டு சாண் நான்கு விரல். ஆகவே டயருக்குள் ஏதோ இருக்கிறது. விரலை விட்டுத் தடவினேன், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், ரோர்ச் அடித்தேன். ஒன்றும் இல்லை.

2024 ஆகஸ்ட் 5

நேற்று மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம். சனத்துக்குள் சைக்கிளைத் தூரத்தில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பினால் பின்சில்லு தரையில். யாரோ வால்கட்டையைத் திறந்துவிட்டார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஏழு வால்கட்டை வைத்திருந்தவனின் மனம் அப்படித்தான் போகும். இல்லை, அதே இரண்டு சாண் நான்கு விரல்.

வீடு வரை தள்ளினேன். மனைவியிடம் ஒரு துண்டுப் பஞ்சு வாங்கி, டயரின் உட்பக்கத்தில் அழுத்தாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் நான்கு நூல் சிக்கி நின்றது. அங்கே டயரை உள்வெளியாக மடித்துப் பிதுக்கினால், மயிரைவிடக் கொஞ்சம் தடிப்பான ஒரு கம்பித் துண்டு. நீளம் ஒரு நெல்லளவும் இல்லை. நிலத்தில் பாரம் படும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பதுங்கிக்கொள்ளும் கம்பி. விரலுக்கு எப்படித் தெரியும்? நகம் வெட்டியால் பிடித்து இழுத்து வெற்றிலைத் தட்டத்தில் வைத்தேன். மூன்று ஒட்டுக்கும் காரணம் அது.

2024 ஆகஸ்ட் 6

அந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். லொறி, பஸ் டயர்களிலிருந்து. அவற்றின் இறப்பருக்குள் மெல்லிய உருக்குக் கம்பிகளை முறுக்கி வைத்திருப்பார்கள். டயர் வெடித்தாலோ உரிந்தாலோ கம்பி துண்டு துண்டாக வீதியோரம் ஒதுங்கும். நாம் ஓடுவதும் அந்த ஓரத்தில்தான். கல்முனைப் பக்கமிருந்து வரும் பெரிய வீதியில் லொறிக்கா குறை?

இன்னொன்றும் உண்டு. ஹர்த்தாலுக்கு டயர் எரிக்கிறார்களே, இறப்பர் புகையாகப் போகும், கம்பி வீதியிலேயே கிடக்கும். அடுத்த நாள் கடை திறக்கும், அடுத்த கிழமை நமக்குக் காற்றுப் போகும். எரிந்த கறுப்பு வட்டத்தைக் கண்டால் சுற்றிப் போங்கள். ஹர்த்தாலைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்களும் உண்டு, அதை இங்கே பேச வரவில்லை.

கண்ணாடித் துண்டு, மட்டி ஓடு, வேலி முட்கம்பி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரிவது பெரிய பிரச்சினை இல்லை. வீட்டுக்கு வந்ததும் சில்லைச் சுற்றிவிட்டு ஒரு பழந்துணியால் டயரைத் தொட்டுக்கொண்டு நின்றால், செருகியிருப்பதில் பாதி உள்ளே போகுமுன் வந்துவிடும். வெறுங்கையால் செய்ய வேண்டாம், நான் செய்து பார்த்தேன்.

2024 செப்டம்பர் 1

டியூபுக்கும் டயருக்கும் நடுவில் பழைய டயரை வெட்டி உள்ளே போடுவது பற்றி. விளிம்புக் கம்பியை இரண்டு பக்கமும் அறுத்து எடுத்துவிட்டு, நடுப்பட்டியை மட்டும் வைப்பது. படுவான்கரையில் விறகும் நெல்லும் கட்டும் சைக்கிள்களில் பார்த்திருக்கிறேன். நானும் இன்று போட்டேன். நெருஞ்சிக்கு இரண்டு சுவர். ஏன் முன்பே செய்யவில்லை என்று தெரியவில்லை.

2024 செப்டம்பர் 22

ஏன் முன்பே செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. பட்டியின் வெட்டிய நுனி மூன்று கிழமையாக டியூபைத் தேய்த்துத் தேய்த்து நெல் உரசியது போல ஒரு இடத்தை மெலிய வைத்து, வவுணதீவில் வைத்துக் காற்றுப் போயிற்று. முள்ளுக்கு வைத்த காவல்காரன் வீட்டை உடைத்த கதை.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர் சொல்கிறார்: நுனிகளைச் சாய்வாகச் சீவி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, அங்கே ஒரு பழைய டியூப் துண்டைச் சுற்ற வேண்டுமாம். சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குச் சில்லு பாரமாகி, எதிர்க்காற்றில் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது. கழற்றிவிட்டேன். பாரம் கட்டுபவர்களுக்கு அது, எனக்கு வேண்டாம்.

டியூபுக்குள் ஊற்றும் பசைத்தண்ணி நல்லதா என்று மகன் வயதில் ஒருவர் கேட்டிருக்கிறார். நெருஞ்சி அளவு ஓட்டையை அடைக்கும், மகனின் சைக்கிளில் அடைத்தது. வெட்டுக் காயத்தை அடைக்காது. சில மாதத்தில் காய்ந்தும் போகும். அந்த டியூபுக்கு ஒட்டுப் போடக் கொண்டுபோனால் காக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து பால் வடிகிற இடத்தில் எந்த ஒட்டும் பிடிக்காது.

2024 ஒக்டோபர் 13

விலகிப் போகிறேன், ஆனாலும் செயின். தேங்காயெண்ணெய் போடலாமா என்று கேட்ட கல்லடிக்காரருக்கு: போடலாம், முதல் இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு பிசின் போலாகி, கடற்கரை மணலை எல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அரைக்கிற கூழ், பல்லைத் தின்னும். அப்பா ஆயுள் முழுவதும் தேங்காயெண்ணெய்தான் போட்டார் என்று நானும் வாதாடியிருக்கிறேன். அப்பா ஆயுள் முழுவதும் செயினும் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்.

மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவி, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு துளி தையல் மெசின் ஒயில். அப்புறம் துணியால் வெளியே இருப்பதை எல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது உள்ளே. கடலிலிருந்து உப்புக்காற்று அடிக்கும் கல்லடியில் இதை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை செய்கிறேன். துரு கேட்டுக்கொண்டு வராது.

செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பள்ளிக்கூட அடிமட்டம் போதும். ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வைத்தால் 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் விழ வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு என்றால் பல்லுச்சக்கரமும் போயிருக்கும், புதுச் செயின் போட்டாலும் துள்ளும்.

இடது பெடலைக் கழற்றும்போது மற்றப் பக்கம் திருக வேண்டும், அதன் புரி எதிர்ப்புரி. இதை மறந்து ஸ்பானருக்கு மேல் ஏறி நின்றவர்களின் சங்கத்தில் நானும் ஒருவன்.

2024 டிசம்பர் 3

நவம்பர் கடைசிக் கிழமை வெள்ளத்துக்குப் பிறகு இன்றுதான் சைக்கிளைப் பார்க்க நேரம் கிடைத்தது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கொட்டிலுக்குள் வந்தது. சில்லின் அச்சு வரை நின்றிருக்கிறது. வெளியே துடைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பின்சில்லின் அச்சைத் திறந்தேன். கிறீஸ் தேத்தண்ணி நிறத்தில் வடிந்தது. கால் அங்குலக் குண்டுகள் பக்கத்துக்கு ஒன்பது, பதினெட்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். பதினேழுதான் இருந்தது. அரை மணி நேரம் குந்தியிருந்து தேடினேன். பதினெட்டாவது பூனையிடம் இருந்தது.

மழையில் ஓடுபவர்களுக்கு ஒன்று. இரும்பு றிம் நனைந்தால் பிறேக் கட்டை வழுக்கும். சந்திக்கு முன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, அப்புறம் பிடியுங்கள். நிற்கும் தண்ணீருக்குள் ஓட வேண்டாம். அடியில் மடு இருக்கிறதா, மூடி இல்லாத வடிகான் இருக்கிறதா என்று எந்த டயருக்கும் தெரியாது.

2024 டிசம்பர் 15

இதை எப்படி எழுதுவது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

ஜூனில் கேள்வி கேட்ட ஆரையம்பதிக்காரர் நேற்றுப் பின்னேரம் கல்லடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். “அண்ணன், நீங்க சொன்ன எல்லாம் செய்யிறன். அம்பது அடிக்கிறன், துணி பிடிக்கிறன். இன்னும் மாசம் மூண்டு.” கரியரில் சுற்றி வைத்திருந்த பழைய டியூபை எடுத்து நீட்டினார். இருபத்தேழு வயது இருக்கும், குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

டியூபை வாங்கி விரித்தேன். பதினொரு ஒட்டு. அதில் ஒன்பது, வால்கட்டை நிற்கிற பக்கத்தில். அதாவது நிலத்தைப் பார்க்கும் பக்கம் இல்லை, றிம்மைப் பார்க்கும் பக்கம்.

முள் எப்படி அங்கே வரும்?

என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து சில்லைக் கழற்றினோம். றிம்முக்குள் சுற்றியிருக்க வேண்டிய நாடா உக்கி, கையில் எடுத்தால் பொடியாகிற நிலை. போன வருடம் எங்கேயோ ஒரு கடையில் ஐந்தாறு சில்லுக்கம்பி மாற்றியிருக்கிறார். மாற்றியவர் கொஞ்சம் நீளமான கம்பியைப் போட்டு, மிஞ்சியதை அராவாமல் விட்டிருக்கிறார். கம்பியை றிம்மில் பூட்டும் நிப்பிளுக்கு மேலே இரண்டு மில்லிமீற்றர், ஊசி போல. காற்றை இளக்கமாக வைத்தபோது சில நாள் தாங்கியிருக்கிறது. நான் சொன்னேன் என்று 50 அடித்ததும் டியூப் நன்றாக அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே ஜூன் 9இல் அவர் கேட்டது அவருடைய சைக்கிளுக்கு உண்மைதான். காற்றைக் குறைத்தால் அவருக்குக் குத்துவது குறைந்தது. முள் என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டோம். நான் நெருஞ்சிக் காயை ஐந்தாகப் பிரித்துக் காட்டினேன், பஞ்சு இழுத்தேன், ஹர்த்தாலுக்குப் போனேன், செயின் கழுவினேன். ஓட்டை எந்தப் பக்கம் என்று ஆறு மாதமாகக் கேட்கவே இல்லை.

அரத்தை எடுத்து ஒவ்வொரு நுனியையும் விரல் வைத்தால் உறுத்தாத அளவுக்கு அராவினோம். அவருடைய பழைய டியூபில் ஒட்டில்லாத ஒரு நீளம் தேடி வெட்டி, அதையே றிம்முக்குள் நாடாவாகச் சுற்றினோம். வால்கட்டைக்கு ஒரு துளை. புது டியூப். மனைவி இரண்டு தடவை தேத்தண்ணி தந்தாள். பையன் போகும்போது, “காத்தைக் குறைக்கவா கூட்டவா அண்ணன்?” என்று கேட்டுச் சிரித்தான். அம்பதே அடி மனே என்றேன்.

டயரைக் கழற்றினால் ஓட்டை எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். வெளிப்பக்கம் ஒன்று என்றால் வீதியில் கிடந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுப் போதாது. உட்பக்கம் என்றால் வீதியைத் திட்டாமல் றிம்மைத் தடவுங்கள். இதை ஜூன் 9இலேயே எழுதியிருக்க வேண்டும்.

2025 ஜனவரி 9

ஆரையம்பதியிலிருந்து செய்தி: 26 நாள், காற்றுப் போகவில்லை.

இன்று காலை எனக்குப் போயிற்று. பாலத்தில். பின்சில்லு, வெளிப்பக்கம், ஒரே ஓட்டை. தங்கூசி நூல் இந்தத் தடவை கொஞ்சம் நீளம்.